இலை மேல் நிற்கும் நீர்மணி

ஒட்டியும் ஒட்டாமலும் பழகுகிறவர்களைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நாம் சொல்லுவோம். இலையின் மேல் தண்ணீர் இருக்கிறது. ஆனால் இலை நனையவில்லை. இலையைச் சற்றுச் சாய்த்தால் நீர் முத்துப்போல் உருண்டு ஓடிவிடுகிறது. வழிவழியாக நாம் வழங்கிவரும் இந்த உவமைக்குள் ஓர் இயற்பியல் பாடமும் ஒரு தாவரவியல் பாடமும் அடங்கியிருக்கின்றன. இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம். வீட்டிலேயே ஒரு செடியை வளர்த்து நீங்கள் சோதித்துப் பார்க்கவும் வழி சொல்கிறேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் தவறாமல் படியுங்கள்.

ரசவாதிகளின் செடி

ஐரோப்பிய நாடுகளின் தோட்டங்களில் 'லேடீஸ் மேன்டில்' என்று ஒரு சிறு செடி வளர்க்கிறார்கள். 'அன்னையின் போர்வை' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். விளிம்பில் அலை அலையாக மடிந்த அதன் வட்ட இலை, ஏசுவின் அன்னை மரியாள் அணிந்த மேலாடையைப் போல் இருப்பதால் இப்பெயர் வந்ததாம். தாவரவியலில் இதன் பெயர் அல்கெமில்லா. 'அல்கெமி' என்றால் ரசவாதம். செம்பையும் ஈயத்தையும் பொன்னாக்க முயன்ற பழங்கால ரசவாதிகள், விடியற்காலையில் இந்த இலைகளின் மேல் மின்னும் நீர்த்துளிகளைச் சேகரித்துத் தங்கள் சோதனைகளில் பயன்படுத்தினார்கள் என்று கூறுவார்கள். வானத்திலிருந்து இறங்கிய மிகத் தூய நீர் அது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரிதானா என்பதைச் சற்று நேரத்தில் நீங்களே சோதித்துச் சொல்லப் போகிறீர்கள்.

அல்கெமில்லா ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் பூவில் ரோஜாவின் சாயலைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். பூக்கள் மிகச் சிறியவை. மஞ்சள் கலந்த பச்சை நிறம் கொண்டவை. அவற்றுக்கு அல்லி இதழே கிடையாது. இன்னொரு வியப்பும் உண்டு. இதன் பல இனங்கள் கருவுறாமலே விதை உண்டாக்குகின்றன. எனவே தாய்ச் செடியில் உள்ள சிறு வேறுபாடும் மாறாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஒன்றுபோலவே தோன்றும் நூற்றுக்கணக்கான நுண்ணினங்கள் இவ்வாறு உருவாகியுள்ளன. அவற்றைப் பிரித்தறிய, இலைக்காம்பில் மயிர் உண்டா, அது நிமிர்ந்து நிற்கிறதா, படிந்து கிடக்கிறதா என்றெல்லாம் உருப்பெருக்கியின் துணையுடன் தாவரவியலார் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உண்டா?

உண்டு. அல்கெமில்லா இண்டிகா என்ற இனம் நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த பகுதிகளில் வளர்கிறது. அதற்கு இப்பெயரை இட்டவர் ஜார்ஜ் கார்ட்னர். இவர் 1844 முதல் 1849 வரை இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த மலைச் செடிகளை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அந்நூலைத் தேடிப் பார்க்கிறார்கள்.

நமது தருமபுரி மாவட்டத்தில் இதனைத் தேடிப் பயனில்லை. இது குளிரும் ஈரமும் விரும்பும் செடி. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நமது வத்தல்மலையும் சித்தேரி மலையும் அதில் பாதியளவுகூட உயர்ந்தவை அல்ல. காப்பி விளையும் அளவுக்கு வத்தல்மலை குளிர்ச்சியானதுதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி இச்செடிக்குப் போதாது.

வெளிநாட்டுத் தோட்ட இனமான அல்கெமில்லா மோலிஸ் விதையை வாங்கி விதைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த விதை நன்கு முளைப்பதற்குச் சில வாரங்கள் ஈரமான குளிரில் இருக்க வேண்டும். முளைத்தாலும் பங்குனி, சித்திரை வெயிலை அதனால் தாங்க முடியாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வளர்க்கலாமே என்றால், அங்கு வேறொரு கவலை உண்டு. அது தானே விதை சிந்திப் பரவும் செடி. அயல்நாட்டுச் செடிகள் மலைப் புல்வெளிகளில் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நீலகிரி ஏற்கெனவே சீகை மரங்களாலும் ஸ்காட்ச் புரூம் என்ற புதர்ச் செடியாலும் கண்டுவிட்டது. ஆகவே அந்த ஆசையை விட்டுவிடுவோம். நம் ஊரிலேயே வளரக்கூடிய, அதே நீர்மணி வித்தையைக் காட்டக்கூடிய ஒரு செடி இருக்கிறது. அதுதான் சேம்பு. அதன் கிழங்கைத்தான் சேப்பங்கிழங்கு என்று சந்தையில் வாங்குகிறோம்.

பனியா, செடியின் நீரா?

முதலில் ரசவாதிகளின் நம்பிக்கையைச் சோதிப்போம். விடியற்காலையில் இலையின் மேல் காணப்படும் நீர் இரண்டு வகையாக வரலாம்.

ஒன்று, பனித்துளி. இரவில் இலை தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து துளியாகிறது. இவ்வகைத் துளிகள் இலைப்பரப்பு முழுவதிலும் பொடிப் பொடியாக இருக்கும். அருகிலுள்ள கல்லின் மேலும், தகரத்தின் மேலும்கூட இருக்கும்.

மற்றொன்று, நீர்க்கசிவு. மண்ணில் ஈரம் நிறைந்து, காற்றிலும் ஈரப்பதம் மிகுந்திருக்கும் இரவில், இலைகளிலிருந்து நீராவிப்போக்கு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆனால் வேர் உப்புக்களை உள்ளிழுப்பதும் அவற்றைத் தொடர்ந்து நீர் உள்ளே வருவதும் நிற்பதில்லை. உள்ளே அழுத்தம் கூடுகிறது. இது வேர் அழுத்தம் எனப்படும். பொதுவாக இது ஒரு வளிமண்டல அழுத்தத்தின் அளவில் இருக்கும். ஒரு வளிமண்டல அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் தூக்கவல்லது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். சிறு செடிக்கு இது தாராளமாகப் போதும். இலை நரம்புகளின் முடிவில் இருக்கும் நீர்ப்போக்கித் துளைகள் வழியே நீர் துளித்துளியாக வெளியே வருகிறது. ஆகவே இத்துளிகள் இலையின் நுனியிலும் விளிம்புப் பற்களின் முனையிலும் மட்டுமே நிற்கும். அல்கெமில்லா இலையின் ஒவ்வொரு பல்லிலும் மணி கோத்தாற்போல் நிற்கும் துளிகள் பெரும்பாலும் இவ்வகையே.

செய்து பாருங்கள்: ஒரு தேங்காய்த் தொட்டியில் மண் நிரப்பி, கொஞ்சம் நெல் அல்லது கேழ்வரகு விதையுங்கள். நாற்று விரல் நீளம் வளர்ந்ததும் மாலையில் நன்றாக நீர் ஊற்றி, அதன்மேல் ஓர் அகன்ற கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து அறைக்குள் வையுங்கள். கூரையின் கீழே, மூடிக்குள் இருப்பதால் வானத்துப் பனிக்கு அங்கு வழியில்லை. காலையில் பாருங்கள். ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி நிற்கும். அந்தத் துளிகள் சிலவற்றைத் தூய கண்ணாடித் துண்டின் மேல் எடுத்து உலர விடுங்கள். அதே இடத்தில் இன்னும் சில துளிகளை மீண்டும் மீண்டும் வைத்து உலர்த்துங்கள். மங்கலான வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சும். மண்ணிலிருந்து செடி எடுத்த உப்புக்களும் செடியின் உள்ளிருந்த பொருள்களும் அதில் இருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள்: ரசவாதிகள் சேகரித்தது வானத்தின் தூய நீரா? இல்லை. மண்ணிலிருந்து செடியின் உடல் வழியாக ஏறிவந்த நீர்தான் அது.

துளி ஏன் உருண்டையாகிறது?

நீரின் உட்பகுதியில் உள்ள ஒரு மூலக்கூறை எல்லாப் பக்கத்து மூலக்கூறுகளும் சமமாக இழுக்கின்றன. மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுக்கு மேல் பக்கத்தில் இழுப்பதற்கு நீர் மூலக்கூறு இல்லை. எனவே நீர் தன் பரப்பை முடிந்தவரை சுருக்கிக்கொள்ள முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த பரப்பு கொண்ட வடிவம் கோளம். ஆகவே சிறு துளி கோளமாகிறது. அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 0.072 நியூட்டன்.

ஆனால் துளி தரையில் நிற்கும்போது புவியீர்ப்பும் தன் பங்குக்கு அதை அழுத்தித் தட்டையாக்கப் பார்க்கிறது. இவ்விரண்டில் எது வெல்லும்? நீரைப் பொறுத்தவரை எல்லை ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். துளி அதைவிட நன்கு சிறியதாக இருந்தால் பரப்பு இழுவிசை வெல்லும். துளி உருண்டையாக நிற்கும். பெரியதாக இருந்தால் புவியீர்ப்பு வெல்லும். துளி அப்பம்போல் தட்டையாகும். சேம்பிலையில் மழைநீர் சேர்ந்து நிற்கும்போது நடுவில் தேங்கிய நீர் தட்டையாகவும், சிதறிய துளிகள் உருண்டையாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுவே.

துளி பரவுமா, திரளுமா என்பது அது நிற்கும் பரப்பையும் பொறுத்தது. துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில், நீருக்குள்ளாக அளக்கும் கோணம் தொடுகோணம் எனப்படும். 1805-ஆம் ஆண்டில் தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் இக்கோணத்தைப் பற்றிய விதியை விளக்கினார். சுத்தமான கண்ணாடியில் நீர் பரவுகிறது. தொடுகோணம் மிகச் சிறியது. மெழுகு பூசிய காகிதத்தில் துளி திரள்கிறது. கோணம் 90 பாகைக்கு மேல். ஆனால் ஒரு வரம்பு உண்டு. பரப்பு வழவழப்பாக இருந்தால், அது எவ்வளவுதான் நீரை வெறுத்தாலும் தொடுகோணம் 120 பாகை அளவைத் தாண்டுவதில்லை. தாமரையிலும் சேம்பிலையிலும் அது 150 பாகைக்கு மேல் போகிறது. அப்படியானால் மெழுகைத் தவிர வேறு ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

மேடும் மயிரும்

அந்த வேறொன்று, சொரசொரப்பு. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏராளமான இலைகளை ஆராய்ந்து வந்தார். நுண்ணோக்கியில் வைக்குமுன் இலைகளைத் தூசு போகக் கழுவ வேண்டும். ஆனால் சிலவகை இலைகள் கழுவாமலே சுத்தமாக இருந்தன. வழவழப்பான இலைகளில்தான் தூசு இருந்தது. சொரசொரப்பான இலைகள் சுத்தமாக இருந்தன! நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. அவரும் நைன்ஹூயிஸ் என்பவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனை விளக்கியது. அது முதல் 'தாமரை விளைவு' என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது.

தாமரை இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மேடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு மேடும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். அம்மேடுகளின் மேல் அதைவிடப் பன்மடங்கு நுண்ணிய மெழுகுத் துகள்கள். நீர்த்துளி இந்த மேடுகளின் உச்சியில் மட்டும் நிற்கிறது. இடையிலுள்ள பள்ளங்களில் காற்று சிக்கியிருக்கிறது. அதாவது துளியின் அடிப்பகுதியில் பெரும்பங்கு காற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிடிமானம் இல்லாததால் அது உருள்கிறது. போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. சேம்பிலையும் இதே முறையைத்தான் கையாளுகிறது.

அந்தக் காற்றுப் படலத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு வாளி நீரில் சேம்பிலையை முழுக்கி, சாய்வாகப் பாருங்கள். இலை வெள்ளித் தகடுபோல் பளபளக்கும். நீரிலிருந்து காற்றுக்குச் செல்ல முயலும் ஒளி, சுமார் 49 பாகை என்ற மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி விழுந்தால் முழு அக எதிரொளிப்பு அடையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இலைக்கும் நீருக்கும் நடுவே காற்று இல்லையென்றால் இந்தப் பளபளப்பு வர வழியே இல்லை. இலையை வெளியே எடுத்தால் நனையாமல் வரும்.

அல்கெமில்லாவின் வழி வேறு. அதன் இலையில் மென்மையான மயிர்கள் அடர்ந்துள்ளன. துளி அம்மயிர்களின் மேல், இலையைத் தொடாமல் நிற்கிறது. மயிர்கள் நீரை வெறுப்பவை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஓட்டன், ஹெர்மிங்ஹாஸ் என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அம்மயிர்கள் நீரை விரும்புபவை என்று காட்டியது! பின் எப்படித் துளி இலையைத் தொடாமல் நிற்கிறது? ஈரமான வண்ணத் தூரிகையின் மயிர்கள் ஒன்றுசேர்ந்து கற்றையாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் துளி மயிர்களைக் கற்றையாகச் சேர்க்கிறது. ஆனால் மயிர்களின் அடிப்பாகம் இலையில் ஊன்றி இருக்கிறது. துளி இன்னும் கீழே இறங்க வேண்டுமானால் மயிர்களை மேலும் வளைக்க வேண்டும். வளைந்த மயிர் சுருள்வில்லைப்போல் எதிர்க்கிறது. இந்த மீள்விசைதான் துளியைத் தாங்கி நிறுத்துகிறது. தாமரை, சேம்பின் வித்தையில் மெழுகும் மேடும் பங்குபெறுகின்றன. அல்கெமில்லாவின் வித்தையில் மீள்தன்மை பங்குபெறுகிறது. விளைவு ஒன்று, வழி இரண்டு.

நம் ஏரி குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையைப் பிடுங்கிப் பாருங்கள். அதன் இலையிலும் மயிர் அடர்ந்திருக்கிறது. அதுவும் நனைவதில்லை.

சேம்பு வளர்க்கும் முறை

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தொடங்கினால் அரையாண்டு விடுமுறைக்குள் இந்தச் சோதனை முழுவதையும் முடித்துவிடலாம். காய்கறிக் கடையில் சேப்பங்கிழங்கு வாங்குங்கள். முளை சற்றே தெரியும், அழுகல் இல்லாத, உருண்டையான கிழங்காகப் பொறுக்குங்கள். ஓர் அடி அகலமுள்ள பழைய வாளியின் அடியில் துளைகள் இட்டு, செம்மண், மட்கிய தொழுஉரம், மணல் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். முளை மேலே இருக்குமாறு கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நண்பகல் வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் தண்ணீர் அருமையானது. எனவே அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றை ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்கிக் கொசு முட்டையிடும், அடிக்கடி கொட்டிவிடுங்கள்.

சில வாரங்களில் சுருட்டிய பாய்போல் முதல் இலை எழும்பி விரியும். இலை கையகலம் ஆனதும் சோதனைகளைத் தொடங்கலாம். ஐந்தாறு மாதங்களில் இலைகள் மஞ்சளாகிச் சாயும்போது கிழங்கைத் தோண்டி எடுக்கலாம்.

கோணத்தை அளப்பது எப்படி?

இலையில் ஒரு சிறு பகுதியை வெட்டி, தட்டையான அட்டையில் ஊசியால் பொருத்துங்கள். விரல்களால் நீரைத் தெளியுங்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, துளியின் மட்டத்திலிருந்தே கைப்பேசியால் படம் எடுங்கள். அருகில் ஓர் அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கி, துளியின் உயரத்தையும், அது இலையைத் தொடும் அடிப்பகுதியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தின் இரு மடங்கை அடி அகலத்தால் வகுத்தால் வருவது, தொடுகோணத்தின் பாதியின் டேன்ஜென்ட் மதிப்பாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. உயரம் 2 மில்லிமீட்டர், அடி அகலம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 1-ஆல் வகுக்க 4 வருகிறது. டேன்ஜென்ட் 4 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 76 பாகை. அதன் இரு மடங்கு 152 பாகை. இதுவே தொடுகோணம். இதே துளியின் அடி அகலம் 4 மில்லிமீட்டராக இருந்தால் கோணம் 90 பாகை வரும். கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

பிறகு இந்த மூன்று சோதனைகளையும் செய்யுங்கள்.

முதலாவது: இலையின் ஒரு பகுதியை விரலால் அழுத்தித் தேயுங்கள். மேடுகளும் மெழுகும் சிதைந்துவிடும். அந்த இடத்தில் கோணத்தை மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது: இலையின் மேல் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, ஒரு துளி நீரை உருட்டுங்கள். அது போன தடம் சுத்தமாகத் தெரியும்.

மூன்றாவது: நீரில் சிறிது சோப்பைக் கரைத்துத் தெளியுங்கள். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடுகிறது. துளி திரளாமல் பரவும்.

மூன்றாவது சோதனை வெறும் வேடிக்கை அல்ல. பாலக்கோடு பக்கத்தில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முட்டைக்கோஸ் இலையிலும் மெழுகு உண்டு. அதன்மேல் மருந்தை வெறும் நீரில் கலந்து தெளித்தால் துளிகள் உருண்டு மண்ணில் விழும். காசும் போகும், மண்ணும் கெடும். அதனால்தான் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கும்போது அதில் காதி சோப்புக் கரைசலைச் சேர்க்கச் சொல்கிறார்கள். பரப்பு இழுவிசை குறைந்ததும் சாறு இலையில் பரவி ஒட்டுகிறது.

எச்சரிக்கை: துளி சொல்லாதது

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். 'நீர் மணியாக உருண்டால் அது சேம்பு' என்று இத்தனையும் படித்த ஒருவர் முடிவு செய்துவிடலாம். அது ஆபத்தான முடிவு. தாமரையிலும், முட்டைக்கோஸிலும், ஆகாயத்தாமரையிலும், பால்சேம்பிலும் நீர் மணியாக நிற்கும். துளி நமக்குச் சொல்வது இலைப்பரப்பின் அமைப்பை மட்டுமே. செடியின் பெயரையோ, அது உண்ணத் தக்கதா என்பதையோ துளி சொல்லாது.

இன்னோர் அடையாளத்தைப் பார்ப்போம். சேம்பில் இலைக்காம்பு இலையின் பிளவு முனையில் சேர்வதில்லை. சற்று உள்ளே தள்ளி, இலையின் அடிப்பரப்பில் சேர்கிறது, கேடயத்தின் பின்புறக் கைப்பிடிபோல. பால்சேம்பிலும், யானைக்காது என்று பூந்தோட்டங்களில் வளர்க்கும் பெரிய செடியிலும், காம்பு பிளவு முனையிலேயே சேரும். நல்ல அடையாளம்தான். ஆனால் வண்ணப் புள்ளிகளோடு அழகுக்காக வளர்க்கும் கலேடியத்திலும் காம்பு சேம்பைப்போலவே உள்ளே தள்ளிச் சேர்கிறது. கலேடியமோ நச்சுத்தன்மை உடையது. ஆக இந்த ஓர் அடையாளமும் தனித்து நின்றால் போதாது.

சேம்புக் குடும்பத்தின் செடிகளில் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. பச்சையாகக் கடித்தால் இந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி, எரிச்சலும் வீக்கமும் உண்டாக்கும். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கையில் அரிப்பு வருவதும், அதனால் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் இதனால்தான். நல்ல சேப்பங்கிழங்கையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்த சேம்பையோ, வீட்டு வாசலில் அழகுக்கு வைத்த செடியையோ சுவைத்துப் பார்க்கவே கூடாது. தம்பி தங்கைகளையும் எச்சரித்து வையுங்கள். யாராவது கடித்துவிட்டால் வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து, செடியின் ஒரு துண்டுடன் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடையில் உணவுக்கென விற்கும் கிழங்கை வாங்கி நடச் சொன்னேனே, அதற்கும் காரணம் இதுதான். அதன் அடையாளம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அல்கெமில்லாவுக்கும் இது பொருந்தும். அதன் படத்தைப் பார்த்தவுடன் 'இது வல்லாரைதானே' என்று நீங்கள் சொல்லக்கூடும். வட்ட இலை, பல்விளிம்பு, தாழ்ந்து வளரும் பழக்கம் ஆகியவை ஒத்திருக்கின்றன. ஆனால் வல்லாரையில் தண்டு தரையில் ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். இலை சிறுநீரக வடிவில் இருக்கும். பூக்கள் சிறு குடைபோல் கொத்தாக இருக்கும். அல்கெமில்லாவின் இலை விசிறிபோல் மடிப்புகளும் மடல்களும் உடையது. காம்பின் அடியில் ரோஜாவில் உள்ளதுபோல இலையடிச் செதில்கள் உண்டு. பூவுக்கு அல்லி இதழ் இல்லை. வல்லாரை கீரையாக உண்ணப்படுவது. ஆகவே மலைப்பகுதிக்குச் சுற்றுலா போகும்போது, வட்ட இலையைக் கண்டதும் கீரை என்று பறித்துவிடக் கூடாது.

கைப்பேசியில் படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலிகள் இப்போது வந்துள்ளன. அவை தேடலைத் தொடங்க உதவும். முடிவு சொல்ல அவற்றை நம்பக்கூடாது. இலையின் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பெயரும் ஒற்றை அடையாளத்தால் சொல்லும் பெயர்தானே!

தாவரவியலார் எப்படி முடிவு செய்கிறார்கள்? தண்டு, இலை அமைப்பு, காம்பு சேரும் இடம், நரம்பு, பூ, காய், வளரும் இடம் என்று பல அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்த்து, உலர்த்திய மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். அத்தகைய மாதிரிகளின் பெரும் சேகரிப்பு கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. திருச்சியில் ரேப்பினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. அதனை உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூவும் உடன் உழைத்தவர்களும் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் கிழக்கு மலைகளிலும் அலைந்து சேகரித்த செடிகளைக் கொண்டு 1980-களில் பெரிய தாவரத் தொகுதிகளை வெளியிட்டார்கள்.

நீங்களும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். உங்கள் ஊரில் நீங்கள் காணும் 20 இலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர், கண்ட இடம், தேதி, காம்பு சேரும் விதம், மேற்புறத் தொடுகோணம், அடிப்புறத் தொடுகோணம் ஆகியவற்றை எழுதுங்கள். எருக்கிலையை மட்டும் பறிக்காமல், செடியிலேயே வைத்து நீர் தெளித்துப் பாருங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. பெயர் உறுதியாகத் தெரியாத செடிக்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டு, உங்கள் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பட்டியல் முடிந்ததும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மழைநீர் உருண்டோடும் இலைகள் ஈரமான இடங்களில் அதிகமா, வறண்ட இடங்களில் அதிகமா? ஒரே செடியில் இளம் இலைக்கும் முதிர்ந்த இலைக்கும் கோணம் ஒன்றுதானா? உங்கள் அளவுகளிலிருந்தே விடை கிடைக்கும். கிடைத்த விடையைப் பக்கத்து ஊர்ப் பள்ளி நண்பர்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத இடங்களில் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.